சிபாரிசும் மறுமொழியும்

கு. அழகிரிசாமியும் கி. ராஜநாராயணனும் கோவில்பட்டிக்கு அருகிலுள்ள இடைசெவல் என்னும் கரிசல் கிராமத்தில் ஏறக்குறைய ஒரே காலத்தில் பிறந்து, ஒன்றாக வளர்ந்து, புத்தகங்களையும் சங்கீதத்தையும் ஒன்றாகவே கண்டுகொண்டவர்கள். பின்னாளில் ஒருவர் ஊரிலேயே சம்சாரியாகத் தங்கிவிட, மற்றவர் பத்திரிகைத் தொழிலை நாடிச் சென்னைக்கும், 1950-களில் மலேயாவுக்கும் சென்றுவிட்ட பிறகு, அதுவரை நேரில் நடந்துவந்த சம்பாஷணை தபாலில் தொடர்ந்தது. அழகிரிசாமி எழுதிய கடிதங்களைக் கி.ரா. சிரத்தையோடு பாதுகாத்து வைத்திருந்ததால் அவை பிற்காலத்தில் புத்தகமாகவும் வெளிவந்தன. சென்னையிலிருந்து கோவில்பட்டிப் பக்கம் போகும் ரயில் மதுரையைத் தாண்டியதும் எங்கள் திருமங்கலத்தைத் தொட்டுக்கொண்டுதான் தெற்கே இறங்குகிறது. ஆகவே அக்கடிதங்களில் பல, தபால் பைகளுக்குள் கட்டுண்டு, இந்த நிலையத்தைக் கடந்தே போயிருக்க வேண்டும் என்று நான் நினைத்துக்கொள்வதுண்டு. நல்ல எழுத்து எது, அது ஏன் நல்லது என்று இரண்டு ரசிகர்கள் ஒருவருக்கொருவர் சொல்லிக்கொள்ளும் காரியம் எவ்வளவு பெரிய பலனைத் தரும் என்பதற்குத் தமிழில் இதைவிடச் சிறந்த சாட்சி வேண்டியதில்லை. ஒரே சிற்றூரிலிருந்து சாகித்ய அக்காதெமி விருது பெற்ற இருவர் எழுந்தார்கள் என்றால், அவரவர் மேதைமையோடு இந்தப் பரஸ்பரப் பரிமாற்றத்துக்கும் அதில் பங்கு உண்டு.

அந்தப் பரிமாற்றம் இன்று கைப்பேசிக்குள் குடிபுகுந்திருக்கிறது. வாட்ஸ்அப் குழுக்களிலும், முகநூலிலும், டெலிகிராமிலும், 2007-இல் தொடங்கிய குட்ரீட்ஸ், 2011-இல் நியூசிலாந்தில் பிறந்த லெட்டர்பாக்ஸ்டு போன்ற தளங்களிலும், நூல் அபிமானிகளும் திரைப்பட அபிமானிகளும் இரவு பகல் பாராமல் ஒருவருக்கொருவர் சிபாரிசு செய்துகொண்டிருக்கிறார்கள். இதைக் கண்டு முகம் சுளிப்பவர்கள் என் தலைமுறையில் பலர் உண்டு. நான் அவர்களோடு சேர்ந்தவன் அல்லன். ஒரு சிறு நகரத்தில் வாசகனாக இருப்பதன் தனிமையை அனுபவித்தவனுக்கே இந்த மாறுதலின் அருமை தெரியும். திருமங்கலத்தில் இருந்துகொண்டு ஒரு நல்ல நாவலைப் பற்றிக் கேள்விப்படவே மதுரைக்குப் பஸ் ஏற வேண்டியிருந்த காலம் ஒன்று இருந்தது. கேள்விப்பட்ட புத்தகம் கையில் கிடைப்பது அதற்கும் அப்பாற்பட்ட பாக்கியம். இன்றோ கள்ளிக்குடிப் பக்கத்துக் கிராமமொன்றில் இருக்கும் இளைஞன் ஈரானியப் படம் ஒன்றைப் பற்றிக் கனடாவில் வாழும் யாழ்ப்பாணத்து அன்பரோடு நள்ளிரவில் வாதாட முடிகிறது.

இதில் நான் எல்லாவற்றிலும் மேலானதாக மதிப்பது மற்றொன்று. பழைய இலக்கியக் கூட்டங்களும் திரைப்படச் சங்கங்களும் பெரும்பாலும் ஆண்களின் உலகங்களாகவே இருந்தன என்பதை நாம் மறைக்கக் கூடாது. மாலை ஆறு மணிக்குத் தொடங்கி, ஒன்பது மணிக்கு முடிந்து, அதன்பின் டீக்கடை வாசலில் இன்னும் ஒரு மணி நேரம் நீளும் விவாதத்தில், சிற்றூர்ப் பெண் ஒருத்தி எவ்வாறு கலந்துகொண்டிருக்க இயலும்? கல்யாணமாகி, குழந்தை பெற்று, அடுக்களைக்கும் அலுவலகத்துக்கும் நடுவே கிடைக்கும் அரை மணி நேரத்தில் ஒரு நாவலை வாசித்து, அதைப் பற்றிய தம் அபிப்பிராயத்தை யாருக்கும் அஞ்சாமல் எழுதும் பெண்களை இன்று இந்தக் குழுக்களில் காண்கிறேன். அவர்களுடைய சிபாரிசுகளிலே ஆண் வாசகர்கள் கவனிக்காமல் விட்ட நூல்கள் மேலே வருகின்றன. இந்த ஒரு காரணத்துக்காகவே இணையத்தை வாழ்த்த நான் தயங்கமாட்டேன்.

ஆயினும் நம்மிடையே ஒரு குறை வளர்ந்துவருகிறது. அதைச் சொல்வதற்கு முன், தமிழிலே சிபாரிசு என்பது எவ்வளவு கனமான காரியமாக இருந்தது என்பதைச் சற்று நினைவுகூர வேண்டும். 1920-களில் திருநெல்வேலியில் ரசிகமணி டி. கே. சிதம்பரநாத முதலியார் வீட்டில் கூடிய வட்டத்தொட்டியில், ஒரு பாட்டை எடுத்துக்கொண்டால், அதன் சுவை எங்கே ஒளிந்திருக்கிறது என்பது வந்திருந்த ஒவ்வொருவர் உள்ளத்திலும் இறங்கும்வரை அதைத் திருப்பித் திருப்பிச் சொல்லி அனுபவிப்பார்கள் என்று அதில் கலந்துகொண்டவர்கள் எழுதியிருக்கிறார்கள். வத்தலக்குண்டில் பிறந்த சி. சு. செல்லப்பா 1959-இல் ‘எழுத்து’ பத்திரிகையைத் தொடங்கிப் பதினோரு ஆண்டுக் காலம் நஷ்டத்திலேயே நடத்தியதோடு நில்லாமல், தாம் நல்லதென்று நம்பிய நூல்களை மூட்டையாகக் கட்டித் தாமே சுமந்துகொண்டு கல்லூரி கல்லூரியாகச் சென்றார். ஒரு புத்தகத்தைப் பிறருக்குச் சொல்வதற்காகத் தோள் நோகச் சுமப்பது என்பது சாதாரண மனிதர் செய்யும் காரியம் அன்று.

மதுரைக்கே உரிய ஒரு சரித்திரம் இதைவிடவும் உருக்கமானது. சிங்கம்புணரியில் பிறந்து, இளமையிலே இந்தோனேசியாவின் மேடானுக்குப் பிழைக்கச் சென்று, உலக யுத்தத்தின் அழிவையெல்லாம் கண்ணால் கண்டு, திரும்பி வந்து மதுரையில் ‘தினத்தந்தி’ அலுவலகத்தில் வேலை பார்த்துக்கொண்டு, மனைவியை இளமையிலேயே பிரசவத்தில் இழந்தபின் தனியாக வாழ்ந்த ப. சிங்காரம், தமிழின் ஈடிணையற்ற நாவல்களுள் ஒன்றாகிய ‘புயலிலே ஒரு தோணி’யை எழுதிவிட்டு, அதை வெளியிட ஆள் கிடைக்காமல் நெடுங்காலம் காத்திருந்தார். 1972-இல் அது வெளிவந்தபோது நாடு அதைக் கவனிக்கவில்லை. தென்கிழக்காசியத் துறைமுகங்களில் வியாபாரம் செய்த தமிழர்களையும், இந்திய தேசிய ராணுவத்தையும், அந்நியக் கடலோரத்தில் நின்றபடி மதுரை வீதிகளை நினைத்து ஏங்கும் மனத்தையும் ஒருசேரப் பிடித்துவைத்த அந்நூல், எந்தப் பரிசினாலும் எந்த விளம்பரத்தினாலும் பிழைக்கவில்லை. ஒரு வாசகர் இன்னொரு வாசகரிடம் தம் பிரதியைக் கொடுத்து, இதைப் படியுங்கள், படித்தபின் பேசுவோம் என்று சொன்னதனால் பிழைத்தது. தம் இரு நாவல்களுக்குப் பிறகு சிங்காரம் எழுதவில்லை. 1997-இல் அவர் மறைந்த பின்பே நூலின் புகழ் பரவலாயிற்று. நாம் அந்த வாசகர் சங்கிலியைச் சற்று முன்னரே நீட்டியிருந்தால் அவர் மூன்றாவது நாவலை எழுதியிருப்பாரோ என்னும் கேள்வி, மதுரைப் பக்கத்து வாசகன் எவனையும் உறுத்தாமல் இராது. இளமையில் திருமங்கலத்திலும் படித்து, பின்னர் மதுரை டுடோரியல் கல்லூரிகளில் கணக்குச் சொல்லிக்கொடுத்த ஜி. நாகராஜனின் ‘குறத்தி முடுக்கு’, ‘நாளை மற்றுமொரு நாளே’ ஆகியவையும் இவ்விதமே கைமாறிக் கைமாறி வாழ்ந்தவைதாம்.

சிபாரிசைத் தம் வாழ்நாள் தொண்டாகவே செய்தவர் க. நா. சுப்ரமண்யம். ‘படித்திருக்கிறீர்களா?’ என்று தலைப்பிட்டே தமிழ் நூல்களை அறிமுகம் செய்தார். உலகத்துச் சிறந்த நாவல்களைத் தமிழருக்குச் சொன்னார். சொன்னதோடு நில்லாமல் நட் ஹாம்சனை ‘நிலவளம்’ என்றும், பேர் லாகர்குவிஸ்டை ‘அன்பு வழி’ என்றும், செல்மா லாகர்லெவை ‘மதகுரு’ என்றும் தாமே மொழிபெயர்த்துக் கொடுத்தார். இன்னின்னவை நல்ல நூல்கள் என்று அவர் ஓயாமல் பட்டியல் போட்டதைக் குறித்து அக்காலத்திலேயே கடுமையான ஆட்சேபம் எழுந்தது. காரணம் காட்டாத அபிப்பிராயம் விமர்சனமாகாது, நூலைப் பிரித்து அலசிக் காட்டவேண்டும் என்பது செல்லப்பாவின் கட்சி. நல்ல வாசகனின் ரசனையே ஆதாரம், அலசல் அதற்குப் பிற்பட்டது என்பது க.நா.சு.வின் கட்சி.

இந்த வழக்கில் நான் யார் பக்கம் என்றால், க.நா.சு. பேசும்போது க.நா.சு. பக்கம்; மற்றவர் பேசும்போது செல்லப்பா பக்கம். இதை விளக்கியாக வேண்டும். க.நா.சு.வின் பட்டியல் வெறும் பட்டியலாக இருந்தும் செல்லுபடியானதற்குக் காரணம், அதன் பின்னால் அரை நூற்றாண்டு வாசிப்பும், ஒரே உரைகல்லில் எல்லா நூலையும் உரசிப் பார்த்த பிடிவாதமும், அதனால் அவர் சம்பாதித்துக்கொண்ட பகையும் நின்றன என்பதே. அவருடைய ருசி இன்னதென்று வாசகருக்குத் தெரியும். அதனோடு உடன்படுபவர் எடுத்துக்கொண்டார், உடன்படாதவர் தள்ளினார். தெரிந்த மனிதர் தரும் பட்டியலுக்கு அந்த மனிதரே காரணமாகிறார். அழகிரிசாமி ஒரு நூலின் பெயரை மாத்திரம் எழுதியிருந்தாலும் கி.ரா.வுக்கு அது போதுமானதாக இருந்திருக்கும். ஆனால் முகம் அறியாத ஐந்நூறு பேர் உள்ள குழுவில், முகம் அறியாத ஒருவர், பத்துப் பெயர்களை ஒன்றன்கீழ் ஒன்றாக அடுக்கி அனுப்பும்போது, அதற்குப் பின்னால் நிற்பது யார்? அவர் அவற்றைப் படித்தாரா, பிறர் போட்ட பட்டியலை நகல் எடுத்தாரா என்பதுகூட நமக்குத் தெரிவதில்லை. ஆகையால் அந்நியர் காரணம் சொல்லக் கடமைப்பட்டவர். இரண்டு வாக்கியம் போதும். அந்த நூல் தம்மை எங்கே தொட்டது, எந்த மாதிரி வாசகருக்கு அது ஒத்துவராது என்று சொல்லிவிட்டால் அவர் அந்நியராக இருப்பது நின்றுவிடும்.

இணையத்தில் பரவிய பட்டியல்களில் உண்மையாகவே தொண்டு செய்தது என்று நான் கருதுவது, நமக்கு அண்டை ஊராகிய மல்லாங்கிணறைச் சேர்ந்த எஸ். ராமகிருஷ்ணன் தொகுத்த நூறு சிறந்த தமிழ்ச் சிறுகதைகளின் வரிசை. அதைப் பின்பற்றி ஆர்வலர்கள் அந்தக் கதைகளைத் தேடித் தேடி இணையத்தில் ஏற்றினார்கள். புதுமைப்பித்தனின் பெயரைப் பாடப்புத்தகத்துக்கு அப்பால் அறியாதிருந்த எத்தனையோ பேர் அதன் வழியாகச் சிறுகதை உலகத்துக்குள் வந்தார்கள். அங்கே பட்டியல் ஒரு நுழைவாயிலாக இருந்தது. உள்ளே போனவர்கள் பேசினார்கள், ‘இவரை ஏன் விட்டீர்கள்’ என்று சண்டையிட்டார்கள், தங்கள் சொந்த வரிசைகளைப் போட்டார்கள். சண்டை எழாத பட்டியலால் யாதொரு பிரயோஜனமும் இல்லை.

மனிதர் சிபாரிசு எதற்கு, யந்திரமே சொல்லிவிடுகிறதே என்பாரும் உளர். அவர்களுக்கும் ஒரு சரித்திரம் இருக்கிறது. 1997-இல் அமெரிக்காவின் மினசோட்டா பல்கலைக்கழகத்தில் மூவிலென்ஸ் என்னும் ஏற்பாடு தொடங்கியது. ஒருவர் படங்களுக்கு இட்ட மதிப்பெண்களைக் கொண்டு, அவரை ஒத்த பிறர் எவற்றை விரும்பினார்களோ அவற்றை அவருக்கும் சொல்லும் முறை அது. நெட்ஃபிளிக்ஸ் நிறுவனம் தன் கணிப்பைப் பத்துச் சதவீதம் திருத்திக் கொடுப்பவர்க்குப் பத்து லட்சம் டாலர் தருவதாக 2006-இல் அறிவிக்க, 2009-இல் ஒரு குழு அந்தப் பரிசை வென்றது. மிகக் கெட்டிக்காரத்தனமான கணிதம் என்பதில் சந்தேகமில்லை. ஆனால் அந்தப் போட்டியில் கணிக்கப்பட்டது, நான் ஒரு படத்துக்கு எத்தனை நட்சத்திரம் இடுவேன் என்பது. நேற்றைய என் விருப்பத்தை வைத்து நாளைய என் விருப்பத்தை ஊகிக்கும் காரியம் அது. எனக்கு இப்போது பிடிக்காத, பத்து நாள் மல்லுக்கட்டினால் என்னையே மாற்றிவிடக்கூடிய ஒரு நாவலை, ‘முதல் அறுபது பக்கம் பொறுத்துக்கொள்ளுங்கள்’ என்னும் எச்சரிக்கையோடு என் கையில் வைப்பதற்கு, என்னை அறிந்த, என்னிடம் அன்பு கொண்ட ஒரு மனிதர் வேண்டும்.

திரைப்படத்தின் கதையும் வேறல்ல. 1947-இல் சத்யஜித் ராயும் சிதானந்த தாஸ் குப்தாவும் கல்கத்தா திரைப்படச் சங்கத்தைத் தொடங்கியதிலிருந்து, 1959-இல் ராயைத் தலைவராகக் கொண்டு அகில இந்தியச் சம்மேளனம் அமைந்தது வரையிலும், அதற்குப் பின்னரும், இந்த நாட்டின் நல்ல சினிமா ரசனை பெரும்பாலும் திரைப்படச் சங்கங்களில்தான் வளர்ந்தது. தூதரகங்களிலிருந்தும் புனே திரைப்பட ஆவணக் காப்பகத்திலிருந்தும் சுருள் பெட்டிகளை வரவழைத்து, வாடகை மண்டபத்தில் திரை கட்டிப் படம் போட்டு, முடிந்ததும் விளக்கைப் போட்டுப் பேசுவார்கள். அந்தப் பேச்சுதான் சங்கத்தின் ஜீவன். தமிழிலே ருத்ரையாவின் ‘அவள் அப்படித்தான்’ 1978 தீபாவளிக்கு வந்தபோது கொட்டகைகளில் கூட்டம் சேரவில்லை. பாரதிராஜாவும் வங்காளத்து மிருணாள் சென்னும் அதைப் பாராட்டினார்கள் என்பது தெரிந்தபின்பே ஜனங்கள் திரும்பிப் பார்த்தார்கள். தொழில் தெரிந்த இருவர் வாய்திறந்து சொன்ன நல்ல வார்த்தை, ஒரு படத்தை மறதியிலிருந்து மீட்டது.

இப்பொழுது நான் குறையென்று சொல்லவந்ததற்கு வருகிறேன். இன்றைய குழுக்களில் கொடுப்பவர்க்குப் பஞ்சமில்லை, கேட்பவர்க்கும் பஞ்சமில்லை, திரும்பிவந்து சொல்பவர்கள்தாம் இல்லை. ஒருவர் நல்ல துப்பறியும் நாவல் வேண்டும் என்று கேட்கிறார். ஒரு மணி நேரத்துக்குள் நாற்பது பெயர்கள் வந்து குவிகின்றன. கேட்டவர் கைகூப்பும் சித்திரம் ஒன்றை இட்டுவிட்டுப் போய்விடுகிறார். மூன்று மாதம் கழித்து அவர் அவற்றில் ஒன்றையேனும் படித்தாரா, பிடித்ததா, பாதியில் வைத்துவிட்டாரா, வைத்துவிட்டாரென்றால் ஏன் என்று யாருக்கும் தெரியாது. நாற்பது பேரில் ஒருவரும் கேட்பதுமில்லை. அதற்குள் வேறொருவர் அதே கேள்வியைக் கேட்க, அதே நாற்பது பெயர்கள் மறுபடியும் வருகின்றன. கொடுத்தவருக்குத் தம் ரசனை இன்னொரு மனத்தில் எப்படிப் பலித்தது என்னும் அறிவு கிடைப்பதில்லை. அந்த அறிவு கிடைக்காதவர் எத்தனை ஆண்டு சிபாரிசு செய்தாலும் நல்ல சிபாரிசுக்காரர் ஆவதில்லை. பந்தியில் இலை போட்டு, பரிமாறி, உட்கார்ந்தவர் உண்டாரா என்று பாராமலே அடுத்த வரிசைக்கு இலை போட்டுக்கொண்டிருப்பதற்கு ஒப்பான காரியம் இது.

மறுமொழி என்றதும் புகழ்ச்சியை நான் கருதவில்லை. எனக்கு உயர்ந்ததாகத் தோன்றிய ஒரு நாவலை, ‘ஐயா, இதில் வரும் பெண்கள் எல்லோரும் ஆண்களுக்காகவே அழுகிறார்கள், எனக்கு ஒப்பவில்லை’ என்று ஒரு கல்லூரி மாணவி எழுதினால், நான் அந்த நாவலை மறுபடி எடுத்துப் பார்க்க வேண்டியவனாகிறேன். அபிப்பிராய பேதத்தை அவமதிப்பாக எண்ணும் பழக்கம் நம்மிடம் அதிகம். குழுக்களில் சிறு மறுப்புக்கும் ஒருவர் கோபித்துக்கொண்டு வெளியேறுவதும், அதற்கு அஞ்சி மற்றவர் ‘அருமை’, ‘சிறப்பு’ என்று ஒற்றை வார்த்தையில் ஒதுங்குவதும் அன்றாடக் காட்சிகள். பரஸ்பரம் என்பது இருபுறமும் ஓடினால்தான் உண்டு.

இன்னொரு விஷயத்தையும் மனம் நொந்தே சொல்கிறேன். சிபாரிசு செய்யும் அன்பர்களில் சிலர், நூலின் பெயரோடு அதன் பி.டி.எஃப். கோப்பையும் சேர்த்து அனுப்பிவிடுகிறார்கள். வாசிப்பு பரவட்டும் என்னும் நல்லெண்ணமே அதற்குக் காரணம் என்பதை நான் மறுக்கவில்லை. ஆனால் தமிழ்ப் பதிப்பாளர் பலர் இன்று ஒரு நூலைச் சில நூறு பிரதிகளுக்குமேல் அச்சிடத் துணிவதில்லை. அந்தச் சில நூறிலும் ஐம்பது பிரதி விற்காமற்போனால், அதே ஆசிரியரின் அடுத்த நூல் கையெழுத்துப் பிரதியாகவே கிடக்கும். இலவசமாகக் கொடுக்க உரிமையுள்ள பொக்கிஷம் நம்மிடம் இல்லாமலா போயிற்று? 1949-இல் பாரதியார் படைப்புகளை அரசு நாட்டுடைமையாக்கியது தொடங்கி, புதுமைப்பித்தன் உட்படப் பல ஆசிரியர்களின் நூல்கள் நாட்டுடைமையாகிவிட்டன. 1998-ஆம் ஆண்டுப் பொங்கலன்று, கடல்கடந்த தமிழர்களின் முயற்சியால், நம் ஊரின் பெயரையே தாங்கித் தொடங்கிய மதுரைத் திட்டம், பழந்தமிழ் நூல்களை யாரும் இறக்கிக்கொள்ளும்படி ஊதியம் பெறாத அன்பர்களின் உழைப்பால் வழங்கிவருகிறது. கொடுக்கத் தக்கவற்றை அள்ளிக் கொடுப்போம். வாழும் எழுத்தாளனின் நூலை வாங்கும்படி சொல்வோம், அல்லது நூலகத்தில் கேட்கும்படி சொல்வோம்.

நூலகத்தில் கேட்பது என்றேன். 1931-இல் சீர்காழி எஸ். ஆர். ரங்கநாதன் தம் ஐந்து விதிகளை வெளியிட்டபோது, ஒவ்வொரு வாசகருக்கும் அவருக்குரிய நூலும், ஒவ்வொரு நூலுக்கும் அதற்குரிய வாசகரும் கிடைக்கவேண்டும் என்பவற்றை அவற்றுள் இரண்டாக வைத்தார். அதே ஆண்டில் மன்னார்குடிப் பக்கத்தில் மாட்டுவண்டியில் நூல்களை ஏற்றிக் கிராமம் கிராமமாகக் கொண்டுபோகவும் செய்தார்கள். 2023 ஜூலையில் மதுரை புதுநத்தம் சாலையில் கலைஞர் நூற்றாண்டு நூலகம் திறக்கப்பட்டபின், நம் பக்கத்து வாசகர்க்கு நூல் இல்லை என்னும் குறை பெரிதும் நீங்கிற்று. நூலுக்கும் வாசகருக்கும் நடுவே நின்று பேசும் மனிதர்தாம் இனி வேண்டியவர். அவர் இந்த இணையக் குழுக்களில் இருக்கிறார். அவரை அழைத்துவந்து, திருமங்கலம் போன்ற ஒவ்வோர் ஊரின் கிளை நூலகத்திலும் ஓர் அலமாரித் தட்டை வாசகர் சிபாரிசுக்கென ஒதுக்கி, ஒவ்வொரு நூலினுள்ளும் அதைச் சொன்னவரின் இரண்டு வாக்கியக் காரணத்தையும், படித்துத் திருப்பித் தருபவர் தம் மறுமொழியை எழுத ஒரு வெற்றுத் தாளையும் வைக்கும்படி நூலகத் துறை செய்யலாம். இதற்குத் தனி நிதி வேண்டியதில்லை. குழு நடத்துபவர்களும், யார் ஒரு நூலோ படமோ கேட்டுப் பெற்றாரோ அவர் அதைப் பற்றி நாலு வரி எழுதிய பின்பே அடுத்ததைக் கேட்கலாம் என்று ஒரு நியமம் செய்துகொள்ளலாம். கூட்டம் குறையும் என்று அஞ்ச வேண்டாம்; குறைந்து எஞ்சும் இருபது பேர் போதும்.

இத்தனை சொன்ன நான் வாசகர்களுக்கு ஒரு சிபாரிசும் செய்யாமல் விடுவது முறையாகாது. புதுமைப்பித்தனின் ‘சிற்றன்னை’ நாட்டுடைமையான குறுநாவல். ஒரே மாலையில் படித்துவிடலாம். அதைப் படித்தபின், அதிலிருந்து ஓர் இழையை எடுத்துக்கொண்டு மகேந்திரன் 1979-இல் இயக்கிய ‘உதிரிப்பூக்கள்’ படத்தைப் பாருங்கள். புதுமைப்பித்தன் குழந்தைகளையும் மாற்றாந்தாயையும் நடுவில் வைக்க, மகேந்திரனோ தகப்பனின் கொடுமையை நடுவில் கொண்டுவந்து ஓர் ஊரையே அதற்குச் சாட்சியாக்குகிறார். மெதுவாக நகரும் படம் என்பதை முன்னரே சொல்லிவிடுகிறேன். விறுவிறுப்பை நாடுபவர்க்கு அது ஒத்துவராது. மூலத்தைவிடப் படமே ஆழமானது என்பது என் அபிப்பிராயம். புதுமைப்பித்தன் அன்பர்கள் இதை ஏற்கமாட்டார்கள் என்று அறிவேன். இரண்டையும் ஒருசேரப் பார்த்துவிட்டு, நான் எங்கே தவறினேன் என்று காரணத்தோடு இப்பத்திரிகைக்கு எழுதுங்கள்.